தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துல அடுத்து என்ன கண்காட்சி, என்ன நிகழ்ச்சி வேணும்? டெல்டாக்காரங்க எல்லாரும் வந்து சொல்லுங்க

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

வணக்கம் மக்களே. ஏப்ரல் 18 உலக பாரம்பரிய நாள், மே 18 உலக அருங்காட்சியக நாள், ரெண்டும் வரிசையா வருது. அரண்மனைக் கலைக்கூடத்துல என்ன கண்காட்சி வைக்கலாம், பொதுமக்களுக்கு என்ன நிகழ்ச்சி நடத்தலாம்னு ஊர்க்காரங்களா சேர்ந்து ஒரு மனு எழுதிக் குடுக்கலாம்னு நாங்க சில பேர் பேசிக்கிட்டு இருக்கோம், அதுக்குத்தான் இந்த இழை. தோணுறத எழுதுங்க, தயங்காதீங்க.

என் யோசனைய மொதல்ல சொல்லிடறேன். ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சிலை. திருவெண்காட்டு ரிஷபவாகனர எடுத்துக்குங்க, காளை மேல சாய்ஞ்சு நிக்கிற சிவன், வெண்கலம், பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒரு காலுக்குக் குறுக்கால இன்னொரு கால வச்சுக்கிட்டு சாவகாசமா நிக்கிறாரு, தலையில சடைய முண்டாசு மாதிரி சுத்தியிருக்கு, அந்தச் சுத்துக்குள்ள பாம்பு. வலது கைய மடிச்சு ஒரு பக்கமா சாய்ச்சு வச்சிருக்காரு, ஆனா அந்தக் கைக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது, ஏன்னா அவரு சாய்ஞ்சுக்கிட்டு இருந்த காளை இப்ப இல்ல. காளை இல்லாமலே அந்த உடம்பு இன்னும் காளை மேல சாய்ஞ்சுதான் நிக்குது. ராஜராஜன் காலம், 1011-னு கல்வெட்டுக் கணக்கு, பக்கத்துல இருக்கற அம்மன் அதுக்கு அடுத்த வருஷம். இவ்வளவு விஷயம் இருக்கற சிலைய வர்றவங்க அரை நிமிஷம் நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டுத் தாண்டிப் போயிடறாங்க, அவங்களக் குறை சொல்லி என்ன ஆகப் போவுது, அங்க நின்னு எடுத்துச் சொல்ல ஆள் வேணும்ல.

அதனால நாலு வரிசை நாற்காலி போடுங்க, நல்ல வெளிச்சம் குடுங்க, ஒரு வார்ப்பு வேலைக்காரர், ஒரு ஓதுவார், கல்வெட்டு படிக்கத் தெரிஞ்சவர் ஒருத்தர், திருவெண்காட்டுலேருந்து ஊர்ப் பெரியவர் ஒருத்தர். நாலு பேரும் அந்த ஒரு சிலையப் பத்தியே ஒரு மணி நேரம் பேசட்டும். மாசத்துக்கு ஒரு சிலைன்னு வச்சா பல வருஷத்துக்குத் தாங்கற அளவுக்கு அந்தக் கூடத்துல இருக்கு.

மாயவரம் ஜங்ஷன்

சார் யோசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு சிலைக்கு ஒரு மணி நேரம்னா யார் வருவா சொல்லுங்க? ஏற்கெனவே ஆர்வம் இருக்கறவன்தான் வருவான். என் பையன் காலேஜ் படிக்கிறான், அவனெல்லாம் வரணும்னா பெரிய ஸ்கிரீன், லைட்டு, சிலைய முப்பரிமாணத்துல சுத்திக் காட்டறது, இந்த மாதிரி ஏதாவது வேணும். பெரிய கண்காட்சியா ஒரு மாசம் நடத்தணும், டெல்டா முழுக்க போஸ்டர் ஒட்டணும். பெரியகோயிலுக்கு எவ்வளவு கூட்டம் வருது, அதுல பாதியாவது நடந்து போற தூரத்துல இருக்கற அரண்மனைக்கு வரணும்ல.

சாமிமலை உளி

நான் வார்ப்புப் பட்டறையில வேலை பாக்கறேன், எங்க அப்பா காலத்துலேருந்து இதே தொழில்தான். வெண்ணாற்றங்கரை அண்ணன் சொன்னதுல வார்ப்பு வேலைக்காரர்னு வந்ததால எழுதறேன்.

அந்தக் கூடத்துல இருக்கற சிலைங்க எப்படிச் செஞ்சதுன்னு வர்ற ஜனங்களுக்குக் கண்ணால காட்டணும்ணே. அரண்மனைக்குள்ள உலை மூட்ட விட மாட்டாங்க, விடவும் கூடாது, ஆனா மெழுகு வேலைய அங்கயே உக்காந்து செய்யலாமே. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேத்துக் காய்ச்சி ஆற வச்சா கைக்குப் பதமா வளையும். உருவத்தோட உயரத்துக்கு ஒரு தென்னை ஓலைய நறுக்கி அத மடிச்சு மடிச்சுத்தான் முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, தொடை எவ்வளவுன்னு அளவு பிரிக்கிறோம், எங்க கையில டேப்பு கிடையாது, ஓலைதான் அளவுகோல். மெழுகு உருவம் முடிஞ்சதும் மேல மொத பூச்சு காவேரி வண்டல் மண்ணு, நல்லா சலிச்சு உமிக்கரியோட சேத்து அரைச்சது, அந்த மண்ணு அவ்வளவு நைஸா இருக்கறதாலதான் நகக்கண்ணு, மாலையில கோத்த மணி வரைக்கும் அச்சுல பதியுது. அப்புறம் சொரசொரப்பா ரெண்டாவது மூணாவது பூச்சு, கம்பி கட்டு, வரட்டி அடுக்கிச் சுட்டா மெழுகு உருகி ஓடிடும், அந்த வெத்து எடத்துல உலோகத்த ஊத்தணும். ஆறினதும் அச்ச ஒடைச்சுத்தான் சிலைய எடுக்கணும், அதனால ஒரு அச்சுக்கு ஒரே சிலை, ரெண்டாவது அதே மாதிரி வராது.

இத எல்லாம் பலகையில எழுதி ஒட்டுனா யாரும் படிக்க மாட்டாங்க. எங்க ஆளு ஒருத்தர் பழைய சிலை பக்கத்துல உக்காந்து மெழுகுல ஒரு விரல உருட்டிக் காட்டட்டும், அப்புறம் பாருங்க சின்னப் புள்ளைங்க நகருதான்னு. மாயவரம் சார், ஸ்கிரீன் வேணாம்னு சொல்லல, ஆனா அது எந்த ஊர்லயும் கிடைக்கும், இந்த மண்ணும் இந்தக் கையும் இங்கதான இருக்கு.

மன்னார்குடி டீச்சர்

இழைய ஆரம்பிச்சதுக்கு ரொம்ப நன்றி சார். அரசுப் பள்ளியில எட்டாம் வகுப்பு எடுக்கறேன். எங்க பக்கத்துலேருந்து ஒரு விஷயம் சொல்லணும். ஏப்ரல் 18-ன்னா பிள்ளைங்களுக்கு முழு ஆண்டுத் தேர்வு நேரம், மே 18-ன்னா கோடை விடுமுறை. ரெண்டு நாள்லயும் ஸ்கூல் மூலமா கூட்டிட்டு வர முடியாது. மே மாசம் பிள்ளைங்க தாத்தா பாட்டி வீட்டுல இருக்கும், சென்னை திருப்பூர்னு வெளியூர்லேருந்து பேரப் பிள்ளைங்க எல்லாம் வந்திருக்கும், அப்ப குடும்பத்தோட வர்ற மாதிரி நிகழ்ச்சி வைங்க, ஸ்கூலுக்குன்னு வைக்கறத ஆடி ஆவணியில தனியா வைங்க.

இன்னொண்ணு, நான் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போனப்ப கவனிச்சது. அரண்மனையில அதுங்களுக்கு ரொம்பப் புடிச்சது தரங்கம்பாடிப் பக்கம் கரை ஒதுங்குன திமிங்கலத்தோட எலும்புக்கூடுதான், அதுக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்துச்சுங்க. சிலைகள் இருக்கற கூடத்துக்கு வந்ததும் கைய கட்டிக்கிட்டு வரிசையா நடக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. ஒரு பொண்ணு மட்டும் "டீச்சர், இந்த சாமிக்கு ஏன் கண்ணு பாதி மூடியிருக்கு"ன்னு கேட்டா, அதுக்குள்ள பின்னாடி வர்றவங்க தள்ள வரிசை நகர்ந்துடுச்சு. அந்த மாதிரிக் கேள்வி கேக்கற பிள்ளைக்கு நின்னு பதில் சொல்ல ஒரு ஆளு, கையில எடுத்துட்டுப் போய்த் தேடிப் பாக்கற மாதிரி ஒரு தாள், "மூணு கண்ணு உள்ள சிலை எங்க இருக்கு, பாம்பு எத்தனை எடத்துல இருக்கு"ன்னு, இது ரெண்டு இருந்தாப் போதும். வெண்ணாற்றங்கரை சார் சொன்ன ஒரு சிலை நிகழ்ச்சி பிள்ளைங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும், பெரியவங்கள விட அதுங்க ஒரே விஷயத்த நிறைய நேரம் பாக்கும்.

குடமுருட்டி

டீச்சரம்மா பரீட்சைக் கணக்கு சொன்னாங்க, நான் வயல் கணக்கு சொல்றேன். இந்த விழா தேதி எல்லாத்தையும் யாரு போட்டாங்களோ தெரியல, நம்ம பக்கத்துக்கு ஒத்து வரவே மாட்டேங்குது. நவம்பர் 19-லேருந்து 25 வரைக்கும் உலக பாரம்பரிய வாரம்கறாங்க, அது கார்த்திகை, அடை மழை, சம்பா பயிரு தண்ணியில முங்குதா இல்லையான்னு வரப்புலயே நிக்கிற நேரம். ராஜராஜன் சதய விழா ஐப்பசியில, அப்பவும் நடவு களையெடுப்புன்னு ஓடிக்கிட்டு இருப்போம். ஜூன் 12-ல மேட்டூர் தொறந்தா குறுவைக்கு நாத்தங்கால் வேலை. தை மாசி அறுப்பு. அது முடிஞ்சு உளுந்து பயறு எடுத்துட்டு, பங்குனி பாதியிலேருந்து வைகாசி வரைக்கும்தான் விவசாயக் குடும்பம் கொஞ்சம் மூச்சு விடும், கோயில் கோயிலா திருவிழா நடக்கறதும் அப்பத்தான், நம்ம பெரியவங்க யோசிச்சுதான வச்சிருக்காங்க.

அதனால பெரிய கண்காட்சி எதுவா இருந்தாலும் பங்குனி சித்திரையில, சாயங்காலத்துல வைங்க. பெரியகோயில் தேரு 2015-லேருந்து திரும்ப ஓடுது, தேருக்கு வர்ற கிராமத்து ஜனம் முழுக்க அன்னைக்கு தஞ்சாவூர்லதான் இருக்கும், தேர் நிலைக்கு வந்ததும் அப்படியே அரண்மனைப் பக்கம் திருப்பி விடலாம். பகல்ல வெயில்ல யாரால சுத்த முடியும், மியூசியம்னா பொதுவா சாயங்காலமே மூடிடறாங்க, வருஷத்துல ஒரு பத்து நாள் ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் தொறந்து வச்சாப் போதும்.

வெண்காட்டுக்காரன்

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டே இருந்தேன். எங்க ஊர் பேர மொத பதிவுலயே பாத்ததும் என்னமோ பண்ணுச்சு.

அந்தச் சிலைங்க எங்க ஊர் மண்ணுக்குள்ள கெடந்தது. 1950-கள்ல தோண்டும்போது ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு. ரிஷபவாகனர், அம்மன், பிச்சாடனர், கல்யாணசுந்தரர், எல்லாம் தஞ்சாவூருக்குப் போயிடுச்சு, அர்த்தநாரி மெட்ராஸ் மியூசியத்துக்குப் போயிடுச்சு. பூமிக்குள்ள கெடைச்சா அரசாங்கத்துக்குன்னு 1878-லயே வெள்ளக்காரன் போட்ட புதையல் சட்டம் இருக்கு, அது எனக்குத் தெரியும், அங்க போனதாலதான் இன்னைக்குப் பத்திரமா இருக்குன்னும் தெரியும். ஆனா எங்க பாட்டி சாகற வரைக்கும் "நம்ம சாமி தஞ்சாவூர்ல இருக்கு"ன்னுதான் சொல்லும். பாட்டி வாயில சிலைங்கற வார்த்தையே வராது, எப்பவும் சாமிதான்.

ஊர்ப் பெரியவர் ஒருத்தர மேடையில உக்கார வைக்கலாம்னு சொன்னீங்க அண்ணே, சந்தோஷம். ஆனா ஒருத்தர் போதாது. கலைக்கூடத்துல எந்தச் சிலையப் பத்தி நிகழ்ச்சி நடக்குதோ அந்தச் சிலை கெடைச்ச ஊரு ஜனத்த பஸ் வச்சுக் கூட்டிட்டு வாங்க, அவங்கதான் மொத வரிசை. எங்க ஊர்ல நடக்கக்கூட முடியாத வயசுல இருக்கறவங்க இருக்காங்க, அந்தச் சாமிய நேர்ல பாத்ததே இல்ல. புதன் ஸ்தலம்னு நாடெல்லாம் எங்க ஊருக்கு வருது, எங்க ஊர்க்காரங்களுக்கு எங்க சாமியப் பாக்கக் குடுத்து வைக்கல.

அப்புறம் ஒண்ணு கேக்கறேன், அன்னைக்கு ஒரு நாளாவது ஒரு மாலை போட்டு கற்பூரம் காட்ட விடுவாங்களா?

நாகை உப்புக்காத்து

வெண்காட்டுத் தம்பி, உங்க மனசு புரியுது. நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கறவன், ஓய்வாயிட்டேன், அதனால இதுக்கு மட்டும் கொஞ்சம் விவரமா பதில் சொல்லிடறேன்.

கோயில்ல தினம் அபிஷேகம் ஆகற உற்சவரும் மண்ணுக்குள்ள நூத்துக்கணக்கான வருஷம் கெடந்து வந்த சிலையும் ஒண்ணு கெடையாது. மண்ணுல இருந்த உப்பு, அதுலயும் குளோரைடு, செம்போட சேந்து உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். காத்துல ஈரம் ஏறுச்சுன்னா அது முழிச்சுக்கும், வெளிர் பச்சையில பொடிப்பொடியா பூத்து வரும், தொட்டா மாவு மாதிரி உதிரும். வெண்கல நோய்னு சொல்லுவாங்க. ஒரு எடத்துல ஆரம்பிச்சா உலோகத்த உள்ளுக்குள்ளேயே அரிச்சுக்கிட்டுப் போகும். நம்ம டெல்டாவுல ஈரத்துக்கா பஞ்சம்? அதனால பாலும் தண்ணியும் எண்ணெயும் அந்தச் சிலை மேல படவே கூடாது, கற்பூரப் புகையும் வேணாம், ஈரப் பூமாலையும் வேணாம். இது பக்திக்கு எதிரா சொல்றதில்ல, அந்த உருவம் இன்னும் ஆயிரம் வருஷம் இருக்கணும்னு சொல்றது.

ஆனா பாட்டுக்குத் தடை ஏது? சிலையத் தொடாம, கொஞ்சம் தள்ளி ஒரு விளக்கு ஏத்தி, நாச்சியார்கோயில் குத்துவிளக்காவே இருக்கட்டும், ஓதுவார் அந்த ஊர்ப் பதிகத்தப் பாடட்டும். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடின தலம் அது. அத அனுமதிக்கச் சொல்லி மனுவுல கேளுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.

மாயவரம் ஜங்ஷன் சொன்ன ஒரு மாசக் கண்காட்சி பத்தி. வெண்கலம் வெளிச்சத்துக்குப் பயப்படாது, கல்லும் பயப்படாது. ஆனா காகிதம், துணி, ஓலை, பழைய ஓவியம், இதெல்லாம் 50 லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) வெளிச்சத்துக்கு மேல தாங்காது, பட்ட வெளிச்சம் பட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது. அதனால சரஸ்வதி மகால் நூலகத்துலேருந்து ஏதாவது வெளிய எடுத்து வைக்கறதா இருந்தா மங்கலான வெளிச்சத்துல, கொஞ்ச நாளைக்கு, மாத்தி மாத்தித்தான் வைக்கணும், பெரிய லைட்டு போட்டு மாசக்கணக்குல வைக்கக் கூடாது.

அத வச்சு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை உண்டு. ரெண்டாம் சரபோஜி ராஜா கண் வைத்தியம் பண்ணினதுக்குக் குறிப்பு இருக்கு, நோயாளியோட கண்ண படமா வரைஞ்சு, என்ன கோளாறு, என்ன மருந்துன்னு எழுதி வச்சிருக்காங்க. 1832-ல அவரு இறந்தாரு, அதுக்கு முன்னாடியே இங்க ஒவ்வொரு நோயாளிக்கும் படத்தோட கேஸ் ஷீட்டு இருந்திருக்கு. அந்தப் படங்களோட நல்ல நகல எடுத்து ஒரு கண்காட்சி வைங்க, அதே நாள் அரண்மனை முற்றத்துல இலவச கண் முகாம் நடத்துங்க. கண்ணு காட்ட வர்ற வயசானவங்க தன்னோட வரிசை வர்ற வரைக்கும் அந்தப் படங்களப் பாப்பாங்க, இருநூறு வருஷத்துக்கு முந்தி இதே ஊர்ல தன்ன மாதிரியே ஒருத்தர் புரை விழுந்த கண்ணோட உக்காந்திருந்தத பாப்பாங்க. மியூசியத்துக்கு வாழ்நாள்ல வராத ஜனம் வரும்.

மன்னார்குடி டீச்சர்

கண் முகாம் யோசனைக்கு நூறு மார்க் ஐயா. எங்க அம்மாவையே கூட்டிட்டு வருவேன்.

வெண்காட்டுக்காரன்

விளக்கமா சொன்னதுக்கு நன்றிங்க ஐயா. பதிகம் போதும். அது நடந்தா எங்க ஊருக்கு அதுவே பெருசு.

கவின்கலை மூணாம் வருஷம் (கும்பகோணம்)

வணக்கம், நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில சிற்பம் படிக்கிறேன். எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான், ஸ்கெட்ச் பண்ண விடுங்க. நான் எந்த ஊருன்னு சொல்லல, ஒரு மியூசியத்துல சிலை முன்னாடி தரையில உக்காந்து பென்சில் எடுத்ததும் எழுப்பி விட்டுட்டாங்க, போட்டோ வேணா எடுத்துக்க, உக்காராதன்னு. போட்டோ எடுக்கறது ஒரு செகண்டு, வரையறதுக்குத்தான் பாக்கணும், பாத்தாத்தான் தெரியும்.

தாராசுரத்துலேருந்து வந்த கஜசம்ஹாரமூர்த்தி கலைக்கூடத்துல இருக்கு, கருங்கல்லு. யானைத் தோல பின்னாடி விரிச்சுக்கிட்டு சிவன் உடம்ப முறுக்கிச் சுழல்றாரு. நான் அத வரைய முயற்சி பண்ணும்போதுதான் கவனிச்சேன், இடுப்பு ஒரு பக்கம் திரும்புது, தோள் எதிர்ப் பக்கம் திரும்புது, நிஜ ஆளால அப்படி நிக்க முடியாது, ஆனா பாக்கறப்போ கொஞ்சங்கூட செயற்கையா தெரியல, ஏன்னா அந்த முறுக்கல யானைத் தோலோட வளைவு தாங்கிப் பிடிக்குது. பக்கத்துல உமையம்மா பயந்து ஒதுங்கறா. அவ ஒதுங்கற திசையும் அவரு சுழல்ற திசையும் சேந்துதான் அந்தக் கல்லுக்கே ஓட்டம் குடுக்குது. இத எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லல, பென்சில்தான் சொல்லுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம், மடக்கு ஸ்டூலு, பென்சில் மட்டும், கலர் இங்க் எதுவும் வேணாம். எங்க காலேஜ் பசங்க மட்டும் இல்ல, யார் வேணா வரலாம்னு அறிவிக்கட்டும். வரைஞ்சதுல நல்லத எடுத்து மே 18-ல அதே கூடத்துக்கு வெளிய மாட்டி வைக்கலாம், அது ஒரு கண்காட்சி ஆயிடும், பெரிய செலவும் இல்ல.

மாயவரம் ஜங்ஷன்

இது சூப்பர் தம்பி. இதுக்கு என் பையன் வருவான்.

திருவாரூர் தேர்

எல்லாரும் அழகா எழுதியிருக்கீங்க, நான் கொஞ்சம் கசப்பான விஷயம் பேசறேன். நம்ம மாவட்டங்கள்ல எத்தனை கோயில் உற்சவர் இப்ப அந்தக் கோயில்லயே இருக்கு? திருட்டுப் பயத்துல திருவாரூர் பாதுகாப்பு மையத்துல ஆயிரக்கணக்குல அடைபட்டு இருக்கு. அதனால கலைக்கூடத்துல வைக்க வேண்டிய மொத கண்காட்சி திரும்பி வந்த சிலைகளோட கதை.

பத்தூர் நடராஜர் தெரியுமா? குடவாசல் பக்கம். 1976-ல ஒரு கூலித் தொழிலாளி மண்ணுல தோண்டினப்ப கெடைச்சது, கை மாறி கை மாறி லண்டனுக்குப் போச்சு, அங்க போலீஸ் புடிச்சு வழக்கு நடந்துச்சு, இடிஞ்சு கெடந்த பத்தூர் சிவன் கோயிலே ஒரு வாதியா லண்டன் கோர்ட்டுல நின்னுச்சு, ஜெயிச்சு 1991-ல சாமி வந்து சேந்துச்சு. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவுல தேசியக் கலைக்கூடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாரு, 2014-ல திரும்பினாரு. ராஜராஜன் உருவமும் அவரு ராணி லோகமாதேவி உருவமும் 2018-ல அகமதாபாத்துலேருந்து பெரியகோயிலுக்கு வந்ததை நாம எல்லாருமே பாத்தோம். இந்த மாதிரி பல வழக்குக்கு அடிப்படையா இருந்தது என்னன்னு கேட்டா, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க 1950-கள்லேருந்து ஊர் ஊராப் போய் எடுத்து வச்ச கறுப்பு வெள்ளை போட்டோக்கள். ஒரு பழைய போட்டோ இருந்ததாலதான் "இது எங்க சாமி"ன்னு நிரூபிக்க முடிஞ்சது.

அதனால கண்காட்சியோட சேத்து ஒரு பயிற்சி வைங்க. ஒவ்வொரு கிராமத்துலேருந்தும் ரெண்டு பேரு, கையில செல்போன். சாமிய முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம், பீடத்துக்கு அடியில, பக்கத்துல ஸ்கேல் வச்சு எப்படிப் படம் எடுக்கறது, எங்க ஒடைஞ்சிருக்கு எங்க ஒட்டியிருக்குன்னு எப்படிக் குறிச்சு வைக்கறதுன்னு சொல்லிக் குடுங்க. இதவிடப் பிரயோஜனமான நிகழ்ச்சி எனக்குத் தெரியல.

குடமுருட்டி

திருவாரூர் அண்ணே, ஒரு சந்தேகம். ஊர் ஊரா போட்டோ எடுத்து வச்சா திருடனுக்கு நாமளே லிஸ்ட்டு போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடாதா? எங்க ஊர் அம்மன் சின்ன விக்கிரகம், அது இருக்கறது வெளிய தெரியாததாலதான் இன்னும் தப்பிச்சு நிக்குதுன்னு எங்க பூசாரி சொல்லுவாரு.

திருவாரூர் தேர்

நியாயமான பயம்தான் தம்பி. அதனாலதான் படத்த வாட்ஸாப்லயும் பேஸ்புக்லயும் போடக் கூடாதுன்னு அந்தப் பயிற்சியில மொத பாடமாவே சொல்லணும். ஒரு பிரதி கோயில்ல, ஒண்ணு அறநிலையத்துறையில, ஒண்ணு போலீஸ்ல, அவ்வளவுதான். ஆனா ஒளிச்சு வச்சா தப்பிக்கும்கறத நான் ஒத்துக்க மாட்டேன். களவு போன சிலைய வாங்கறவன் மொதல்ல பாக்கறது இதுக்கு எங்கயாவது பழைய பதிவு இருக்கான்னுதான். படம் இருக்கற சிலைய விக்கறது கஷ்டம், படம் இல்லாத சிலை போனா போனதுதான், எங்க சாமின்னு சொல்லவே வழி இருக்காது.

குடமுருட்டி

சரிண்ணே, பூசாரிகிட்ட பேசிப் பாக்கறேன். அவரு ஒத்துக்கிட்டா நானே பயிற்சிக்கு வர்றேன்.

பொம்மைக்கார அக்கா

எங்க வீட்டுல தலையாட்டி பொம்மை செய்யறோம், எங்க சித்தப்பா வீட்டுல நெட்டி வேலை. கண்காட்சின்னு சொன்னாலே எங்களக் கூப்பிட்டு வெளிய ஒரு டேபிள் போட்டுக் குடுத்துடுவாங்க, வித்தா உனக்கு லாபம்னு. புவிசார் குறியீடு வந்த பொருளுன்னு பேனர் மட்டும் பெருசா இருக்கும். நான் மனுவுல சேக்கச் சொல்றது இதுதான், செஞ்சு காட்டறவங்களுக்கு அன்னைய நாள் கூலி குடுக்கணும். ஒரு நாள் பூரா உக்காந்து ஜனங்களுக்குச் செஞ்சு காட்டுனா அன்னைக்கு எங்க வேலை நடக்காது. சாமிமலைக்கார தம்பிக்கும் சேத்துத்தான் சொல்றேன், ஓதுவாருக்கும் சேத்துத்தான்.

நெட்டி வேலைய உள்ள கண்ணாடிப் பெட்டியிலயும் வைங்க. குளத்துல மொளைக்கற செடி அது, தண்டோட தோல சீவுனா உள்ள வெள்ள வெளேர்னு இருக்கும், வெயிட்டே இருக்காது, கத்தியில நூலு மாதிரி நறுக்கி பெரியகோயில் விமானத்த அடுக்கடுக்கா ஒட்டுவாங்க. மூச்சு வேகமா விட்டா துண்டு பறந்துடும்னு ஃபேன போட மாட்டாங்க, இந்த வெயில்ல. அந்தப் பொறுமைய நின்னு பாக்க வேண்டாமா ஜனங்க. குளமெல்லாம் தூந்து போறதால செடி கெடைக்கறதே கஷ்டமாயிட்டு வருது, அதையும் அங்க எழுதி வைக்கணும்.

சாமிமலை உளி

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. கூலிங்கறத மனுவுல மொத வரியிலயே போடுங்கண்ணே, கடைசியில போட்டா விட்டுடுவாங்க.

வெண்ணாற்றங்கரை

எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிட்டேன். மாயவரம் சாரோட பெரிய கண்காட்சிக்கு நான் இன்னும் முழுசா சம்மதிக்கல, ஒரு மாசம் கூட்டம் வந்துட்டு மறு மாசம் கூடம் காலியாக் கெடக்கறதுக்கு, மாசா மாசம் அம்பது பேரு ஒரு சிலைய உக்காந்து பாக்கறதுதான் நிலைக்கும்னு எனக்குப் படுது. ஆனா ராத்திரி தொறந்து வைக்கறதையும் தேர் அன்னைக்கு நிகழ்ச்சிங்கறதையும் சேத்துடறேன், அது ரெண்டும் அவரு கேக்கற கூட்டத்தக் கொண்டு வரும்.

மனுவுல இப்போதைக்கு மொத வரி கூலி. அப்புறம் வைகாசியில மொத சாயங்காலம் ரிஷபவாகனர், பதிகத்தோட, திருவெண்காட்டு ஜனத்தோட. ஞாயிறு காலை ஸ்கெட்ச். கண் முகாம் பெரிய வேலை, ஆஸ்பத்திரியோட பேசணும், அத நாகை ஐயாவே முன்ன நின்னு பாத்துக்கிட்டா நல்லது. செல்போன் பயிற்சிக்கு அறநிலையத்துறைக்குத் தனியா ஒரு கடிதம் எழுதணும், திருவாரூர் அண்ணன் எழுதிக் குடுங்க. பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு அந்தத் தேடிப் பாக்கற தாள டீச்சரே தயார் பண்ணிடுங்க, கேள்விக்குப் படம் வரைய மூணாம் வருஷத் தம்பி இருக்காப்ல.

வர்ற திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள், கலெக்டர் ஆபீஸ்ல நேரா குடுத்துடலாம். யாரெல்லாம் வர்றீங்க?

நாகை உப்புக்காத்து

கண் முகாம நான் பாத்துக்கறேன், எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் கண் டாக்டராத்தான் இருக்கான். திங்கக்கிழமை காலை ரயிலுக்கு வந்துடுவேன்.

மன்னார்குடி டீச்சர்

எனக்கு லீவு கெடைக்காது சார், கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். எங்க ஸ்கூல்ல இன்னும் ஏழெட்டு பேர் போடறேன்னு சொல்லியிருக்காங்க. தாளு ரெண்டு நாள்ல ரெடி.

வெண்காட்டுக்காரன்

நானும் எங்க ஊர்லேருந்து மூணு பேரும் வர்றோம் அண்ணே. மனுவுல ஒண்ணு சேத்துக்குங்க, அன்னைக்கு வர்ற வண்டி சீர்காழி வழியா வராம எங்க தெருவுக்குள்ளயே வந்து ஏத்திக்கணும், வயசானவங்களால பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க முடியாது. கூடத்துக்கு உள்ள போக சக்கர நாற்காலி ஒண்ணாவது வேணும், படி ஏற சாய்வுப் பலகை வேணும்.

வெண்ணாற்றங்கரை

சேத்தாச்சு தம்பி. வண்டி, சக்கர நாற்காலி, சாய்வுப் பலகை, மூணும். எத்தனை பேரு வருவாங்கன்னு மட்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, எண்ணிக்கை இல்லாம வண்டி கேட்டா குடுக்க மாட்டாங்க.